கீழ்த்தட்டு வெள்ளி மட்டும் கறுக்கவில்லை

நகைப்பெட்டிக்கு உள்மெத்தை போடப் போகும் வீட்டில் முதலில் சட்டையைக் கழற்ற வேண்டும். வாசலிலேயே கழற்றி, வீட்டுக்காரர் கண்ணில் படுகிற ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே போக வேண்டும். இடுப்பு மடிப்பில் பீடிக்கட்டுகூட இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் உட்கார்ந்திருந்த சாக்கை வீட்டுக்காரர் முன்னால் உதற வேண்டும். பிறகு வேட்டியை உதற வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். கூலிப் பேச்சு அதற்கப்புறம்தான்.

இதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. எனக்கு வேலை கொடுத்த பாய் தானாகச் செய்வார். அவரோடு போனதால் நானும் செய்தேன். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்காமலே இந்த மனிதர் எதற்கு உதறிக் காட்டுகிறார், சந்தேகப்பட்டுவிடுவார்கள் என்ற பயமா, சந்தேகப்பட விடக் கூடாது என்ற சாமர்த்தியமா என்று யோசித்துக்கொண்டே உதறினேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்கினேன். சங்கரன்கோவில் பஸ்ஸில் கொஞ்ச காலம் கிளீனராக இருந்தேன். பிறகு ஒரு ஜின்னிங் மில்லில் பஞ்சு மிதித்தேன். எங்கேயும் நிலைத்ததில்லை. வயிறு காய்ந்தாலும் நகர்ந்துவிடுவேன், முதலாளி முகம் மாறினாலும் நகர்ந்துவிடுவேன். துண்டில் கட்டிய மூட்டை ஒன்றுதான் சாமான் என்பதால் நகர்வதில் சிரமமில்லை. கோவில்பட்டிக்கு வந்தபோது பாய் பஞ்சு பிய்க்க ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மில்லில் இருந்தவன் என்றதும் சேர்த்துக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நகைப்பெட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு, ஆர்மோனியப் பெட்டி, கடைகளின் கண்ணாடி அலமாரி என்று எதுவானாலும் உள்ளே பஞ்சு வைத்து வெல்வெட் போர்த்துவார். அந்தப் பக்கத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

பெட்டி செய்கிற ஆசாரிக்கு அளவு சொன்னால் போதும். மெத்தை போடுகிறவனுக்கு நகையே வேண்டும். பலகையில் பஞ்சைப் பரப்பி, மேலே மெல்லிய காடாத் துணியை இழுத்து அடித்து, அட்டிகையையோ கொலுசையோ துணியில் சுற்றி அதன்மேல் வைத்து அழுத்தினால்தான் அது கிடக்க வேண்டிய குழி விழும். அந்தக் குழியில் வெல்வெட்டை மரக்குச்சியால் அணைத்து ஒட்ட வேண்டும். ஆக, வீட்டுப் பெண்கள் புருஷன்மாருக்கே முழுசாகக் காட்டாததையெல்லாம் எங்கள் முன்னால் எடுத்து வைத்தாக வேண்டும். கதவைச் சாத்துவார்கள். ஒருவர் பார்வையைப் பெயர்க்காமல் எதிரே உட்காருவார். இடையில் அவருக்குத் தும்மல் வந்தால்கூடத் தும்மிவிட்டுக் கொலுசை ஒருமுறை பார்த்துக்கொள்வார். பாயின் பிழைப்பு அவர் கையில் இல்லை, அந்த வீடுகள் அவர் முன்னால் பெட்டியைத் திறக்கிறதில் இருந்தது. ஒரு வீட்டில் ஒரு சொல் கிளம்பினால் அத்தோடு முடிந்தது.

எனக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. பழைய மெத்தையைப் பிய்த்தெடுக்கும்போது அந்தக் கிழிசல் வெல்வெட்டையும் அழுக்குப் பஞ்சையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். நகை புழங்கின பஞ்சில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்காதா? கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பஜாரில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி புதிதாக வெள்ளிச் சாமான் வைக்க ஆரம்பித்தார். தேக்கில் மூன்று தட்டு வைத்து ஒரு கண்ணாடி அலமாரி செய்திருந்தார். அதற்கு மெத்தை போட எங்களைக் கூப்பிட்டார். பாய் வழக்கமாகத் துணி, பஞ்சு, பசை எல்லாம் தானே கொண்டுபோய் மொத்தமாக விலை சொல்வார். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. துணி மிச்சம் பிடிப்பீர், பஞ்சுக்குப் பதில் சாம்பலை வைத்து மூடினாலும் எனக்கு எப்படித் தெரியும் என்றார். எல்லாம் தானே தருவதாகச் சொல்லிவிட்டார். நீல வெல்வெட் மதுரையிலிருந்து வந்தது. பஞ்சு பசுவந்தனையில் இருந்த அவருடைய சொந்தப் புஞ்சையில் விளைந்த கருங்கண்ணி. பசை மட்டும் என் வீட்டில் காய்ச்சுகிற மைதாப் பசையாக இருக்கட்டும், பூச்சி வராமல் மயில்துத்தம் போட்டிருக்கிறேன் என்று பாய் கேட்டுப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. அண்ணாச்சியின் மச்சினன் ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். அங்கிருந்து ஒரு டின்னில் வச்சிரக் கட்டிகள் வந்தன. பாயின் பசைச் சட்டியில் போட்டு வெந்நீரில் கரைத்துப் பூசுகிற வச்சிரம் அது. நாறும். ஆனால் நன்றாக ஒட்டும்.

பாய் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். டின்னிலேயே திருப்பிப் போட்டார்.

வேலை நடந்த நாளெல்லாம் அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். முதல் தட்டு முடிந்து இரண்டாவது தட்டில் பாதித் துணி ஒட்டியதும் எழுந்து வந்து, மேலே ஒரு நீலமும் கீழே ஒரு நீலமும் தெரிகிறதே, என் துணியை எங்கே மாற்றினீர் என்று கேட்டார். வெல்வெட்டில் மயிர் படிகிற திசை உண்டு. திசை மாறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். அந்தத் துண்டைத் திசை மாற்றி ஒட்டியது நான். பாய் அதை உரித்துத் திருப்பி வைத்தார். இரண்டும் ஒரே நீலமாகிவிட்டன. அண்ணாச்சிக்கு அப்போதும் முகம் தெளியவில்லை. ஏதோ கண்கட்டு வித்தையைப் பார்த்தவர்போல என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேல் இரண்டு தட்டும் முடிந்து கீழ்த்தட்டுக்கு வந்தபோது வச்சிரம் தீர்ந்துவிட்டது என்றார் பாய்.

“டின் நிறையத் தந்தேம்லா,” என்றார் அண்ணாச்சி. “வச்சிரத்தக் குடிச்சா தீத்தீரு?”

“துணி குடிச்சிருக்கு அண்ணாச்சி. புது மரமும் இழுக்கும்லா.”

மச்சினன் ஊரில் இல்லாததால் வேறு வழியின்றிக் கீழ்த்தட்டுக்குப் பாயின் மைதாப் பசையை அனுமதித்தார். ஆனால் சந்தேகம் தீரவில்லை. நாங்கள் சாக்கை உதறியபோது கிட்டே வந்து நின்று பார்த்தார். வேட்டியை இன்னொரு தரம் உதறச் சொன்னார். காலி டின்னைத் திருப்பி வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் பூமி முழுக்கச் சேறாகி, இடைசெவல் பக்கத்திலிருந்து வண்டிகள்கூட வரவில்லை. மழை நின்ற ஒரு காலையில் கடை ஆள் பாயைத் தேடி வந்தான். உடனே வரச் சொல்கிறார்கள் என்றான். போனோம். கடை வாசலில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றார்கள். அண்ணாச்சி அலமாரியைத் திறந்து வைத்திருந்தார். மேல்தட்டில் இருந்த பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம், நடுத்தட்டுத் தம்ளர்கள் எல்லாம் புகை பிடித்த மாதிரி கறுத்துக் கிடந்தன. கீழ்த்தட்டில் குங்குமச் சிமிழ்களும் பாலாடைகளும் வைத்தபடி வெள்ளை வெளேரென்று இருந்தன.

“கீழ கெடக்கது என் வெள்ளி,” என்றார் அண்ணாச்சி. “மேல கெடக்கது உம்ம வெள்ளி. எங்கன வச்சு மாத்தினீருன்னு மட்டும் சொல்லும்.”

குழி அழுத்துவதற்காக எங்கள் கையில் சாமான்களைக் கொடுத்தபோது அசலை எடுத்துக்கொண்டு முலாம் பூசியதை வைத்துவிட்டோம் என்பது அவருடைய கணக்கு. அவர் கண்ணெதிரே, பனியனோடு, அவருடைய ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்து இதை எப்படிச் செய்திருப்போம் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தாலும் வெல்வெட் நிறம் மாறியதைத்தான் நினைத்திருப்பார்.

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். “விதைய விட்டுட்டியாடே?” என்று மெதுவாகக் கேட்டார். பஞ்சில் ஒரு கொட்டை தப்பிவிட்டால் எண்ணெய் கசிந்து வெல்வெட்டில் வட்டமாக இறங்கும். கொட்டை பொறுக்குவது என் வேலை. இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எல்லார் முன்னாலும் மேல்தட்டின் ஒரு மூலையைக் கீறிப் பஞ்சை விரலால் துழாவிப் பார்த்தார். கொட்டை இல்லை. அந்த நேரத்தில் அண்ணாச்சியைவிட அவர்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு நகை ஆசாரியைக் கூட்டிவந்து உரசிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பன்னீர்ச்செம்பை உரசிவிட்டு வெள்ளிதான் என்றார். அண்ணாச்சி, ஆசாரியும் பாயும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள் என்றார். ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். புளி போட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். புளி போட்டால் பித்தளையும்தான் பளபளக்கும் என்றார் அண்ணாச்சி. அன்று மாலைக்குள் பஜார் முழுக்கச் செய்தி பரவியது. மெத்தை போட நாள் குறித்திருந்த இரண்டு வீட்டிலிருந்து, இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பாய் கடைக்குப் போய், கீழ்த்தட்டுச் சிமிழ் ஒன்றை எடுத்து மேல்தட்டில் வையுங்கள் என்றார். மேல்தட்டுக் கிண்ணம் ஒன்றை உங்கள் கையாலேயே தேய்த்து வெளுப்பாக்கிக் கீழே வையுங்கள். பூட்டிவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்துத் திறந்து பார்க்கலாம். மேலே வைத்த உங்கள் வெள்ளி கறுக்காமல் இருந்தால் நான் மாற்றினேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பி யோசித்தார். எந்த ஓரத்தில் ஏமாற்று இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். சாவி பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடம் போனது. பூட்டின்மேல் நூலைச் சுற்றி அரக்கு உருக்கி முத்திரை வைத்தார் அண்ணாச்சி.

“அதுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு முடிச்சு,” என்றார் பாய்.

“நான் திறந்திருவேன்னு நெனைக்கீரோ?”

“நீங்க என்னைய நெனைச்சிய. நானும் நெனைக்கணும்லா.”

நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பாயும் சிரிக்கவில்லை. தான் தைக்கிற நூலை எடுத்து, அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டார்.

அந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. வேலை கிடையாது. சாப்பாடு பாய் வீட்டில் ஒரு வேளை. நான் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். கழுகுமலை பஸ் வரும், போகும். வேறு சமயமாக இருந்தால் என்றைக்கோ ஏறியிருப்பேன். ஒருநாள் பாய் என்னை அங்கே பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“போறதுன்னா அலமாரியத் திறந்ததுக்கப்புறம் போடே,” என்றார். “அதுக்கு முன்ன நீ போனா வெள்ளியும் உன்கூடப் போயிட்டும்பாவ. அப்புறம் நான் இந்த ஊர்ல கட்டிலுக்கு மெத்தைகூடப் போட முடியாது.”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றியது. சிமிழ் கறுக்காமல் போனால் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஊர் பேர் இல்லாத நான் அதற்குத் தோதானவன். அதற்காகப் பிடித்து வைக்கிறாரா? இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். ஓடினால் கள்ளன் என்ற பேர் பஸ்ஸில் எனக்கு முன்னால் போய் இறங்கும். ஓடாமல் இருந்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

வெயில் அடித்த ஒரு நாள் அவர் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி அந்தச் சாக்குகளை அவிழ்த்துப் பழைய பஞ்சைக் கோரைப்பாயில் கொட்டிக் காயப்போட்டிருந்தார். அதைப் பிய்த்துத் தலையணையில் திணித்துக்கொண்டிருந்தார். என்னையும் கூட உட்கார்ந்து பிய்க்கச் சொன்னார். ஊரில் இருந்த பணக்கார வீட்டு நகைகள் படுத்த பஞ்சில்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் படுத்தார்கள். என் சந்தேகம் அத்தோடு தீர்ந்திருக்கும். ஆனால் பிய்த்துக்கொண்டிருந்தபோது என் விரலில் கொலுசு மணி ஒன்று தட்டுப்பட்டது, மிளகு அளவு வெள்ளி. அந்த அம்மாள் அதை வாங்கி மாடத்தில் இருந்த ஒரு தம்ளருக்குள் போட்டார். “அவிய வரட்டும், எந்த வீட்டுதுன்னு பாப்பாவ,” என்றார். தம்ளருக்குள் விழுந்தபோது வேறு எதன்மீதோ பட்டுச் சத்தம் கேட்டது. அந்தத் தம்ளரில் அதற்கு முன் என்ன கிடந்தது, அவை எந்த வீட்டுக்குப் போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அலமாரியைத் திறந்த அன்று பஜாரில் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். முத்திரை உடையாமல் இருந்தது. முடிச்சைப் பாய் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஜவுளிக்கடைக்காரர் பூட்டைத் திறந்தார். கதவை விலக்கியதும் ஒரு வாடை வந்தது. கீழ்த்தட்டிலிருந்து மேலே போன சிமிழ், அண்ணாச்சி தன் வெள்ளி என்று சொன்ன அதே சிமிழ், கறுத்துக் கிடந்தது. அவர் தேய்த்துக் கீழே வைத்த கிண்ணம் வெளுப்பாக இருந்தது.

அண்ணாச்சி சிமிழைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மேலே என்ன பசை, கீழே என்ன பசை என்று அவர் மனசு ஓடியது முகத்திலேயே தெரிந்தது. மேசைக்கடியிலிருந்து அந்தக் காலி டின்னை எடுத்தார். முகர்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் தெரிந்தது. டின்னின் அடி மடிப்பில் மஞ்சளாக ஒரு பொடி அப்பியிருந்தது. கழுகுமலை ஆபீஸில் முதுகு எரிய எரிய மூட்டை மூட்டையாகச் சுமந்த பொடி அது. கந்தகம். கந்தகம் போட்டு வைத்திருந்த டின்னில் வச்சிரத்தை அள்ளிக் கொடுத்தனுப்பியிருக்கிறார் மச்சினன். அந்த ஊரில் சட்டையிலும் சோற்றிலும்கூட அந்த வாடை இருக்கும். அதனால் அதுவரை ஒருவர் மூக்குக்கும் அது எட்டவில்லை. வெள்ளிக்கு மட்டும் எட்டியிருக்கிறது.

அண்ணாச்சி டின்னைத் திரும்ப மேசைக்கடியில் தள்ளினார். மழை ஈரம் என்றார். இந்த வருஷம் ஈரம் ஜாஸ்தி.

“சரி, ஈரம்தான்,” என்றார் பாய். “மேல்தட்டு ரெண்டையும் பிச்சுப்போட்டுத் திரும்ப நானே போடுதேன். கூலி வேண்டாம். கடைக் கதவ மட்டும் விரியத் திறந்து வையுங்க. போற வாறவுக பாக்கட்டும்.”

பாய்க்கு வேண்டியது ஊர் பார்ப்பதுதான் என்று அண்ணாச்சிக்கும் புரிந்தது. தை மாதக் கல்யாணங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன, அலமாரியை நிரப்ப வேண்டும். மறுவாரம் நடுப்பகலில், கடை வாசலிலேயே சாக்கு விரித்து, பஜார் பார்க்கப் பார்க்க அந்த வேலை நடந்தது. அண்ணாச்சி தன் கையால் பன்னீர்ச்செம்பை எடுத்துப் பாயின் கையில் கொடுத்தார். அதைப் பார்த்தவர்களில், நாள் குறித்துவிட்டு வேண்டாம் என்ற வீட்டுக்காரரும் ஒருவர். மைதாவை மட்டும் அண்ணாச்சி தானே வாங்கி வந்தார். பசை காய்ச்சி முடிகிறவரை அடுப்பைவிட்டு நகரவில்லை. மேசைக்கடியில் நான் எட்டிப் பார்த்தேன். டின் இல்லை.

வேலைக்கு நடுவில் மரக்குச்சி உடைந்துவிட்டது. இன்னொன்று எடுத்துவர என்னைப் பாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாமான் பெட்டியில் துழாவும்போது ஒரு சிரட்டை அகப்பட்டது. அதில் வச்சிரக் கட்டிகள் இருந்தன. கீழ்த்தட்டுக்குப் போதுமான அளவு. ஓரத்தில் லேசாக மஞ்சள்.

அன்று சாயங்காலம் திரும்பி வரும் வழியில் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்று சொன்னீர்களே?

“ஒரு தட்டாவது நம்ம பசையில இருக்கட்டும்னு நெனச்சேன்,” என்றார் பாய். “அவரு பொருள் மேல எனக்கு மட்டும் என்ன நம்பிக்கை?”

எல்லாவற்றையும் உதறித்தானே காட்டினோம் என்றேன்.

“வேட்டிய உதறச் சொன்னாரு. சாக்கக் கிட்ட நின்னு பாத்தாரு. பசைச் சட்டிய யாருடே உதறச் சொன்னா?”

சிரித்தார். பழைய பஞ்சைப் பற்றிக் கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு. நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

வீடுகள் மறுபடி பெட்டி திறக்க ஆரம்பித்தன. தை பிறந்து வேலை குவிந்தது. வழக்கம்போல எனக்குக் கால் அரித்தது. தூத்துக்குடியில் உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போகிறேன் என்றதும் பாய் தடுக்கவில்லை. அவர் மனைவி கம்பஞ்சோறு உருட்டி ஒரு தூக்குச்சட்டியில் வைத்துக் கொடுத்தார்.

வாசலில் நின்று மூட்டையை அவிழ்த்து, துண்டை, வேட்டியை, மாற்றுச் சட்டையை ஒவ்வொன்றாகப் பாய் முன்னால் உதறினேன். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். வேடிக்கைக்காகத்தான் ஆரம்பித்தேன். அவர் பார்க்கமாட்டார், முதுகில் தட்டி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். பார்த்தார். துண்டின் மடிப்புவரை பார்த்தார். பிறகு என் காலடியில் வைத்திருந்ததைக் காட்டினார்.

“தூக்குச்சட்டியத் திற.”

திறந்தேன். கம்பஞ்சோறும் ஒரு வெங்காயமும் இருந்தன. சோற்றைக் கரண்டிக் காம்பால் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு, மூடியைத் தானே அழுத்தி மூடிக் கொடுத்தார்.